பெயரற்ற அபயக்குரல்

மூணாற்று மலையில் அமர்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் புதைந்து 70 உயிர்கள் மடிந்தபோது, மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துகிடந்தமையால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. அபயக்குரல் எழுப்ப வழியற்றுச் சாவது எத்தகையது என்பதை இம்மலை அறியும். கடலிலோ குரல் எழும். எவருடையது என்பதுதான் விளங்காது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வீசியபோது குமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல கொச்சியிலிருந்து புறப்பட்டவை. பதிவு ஒரு மாநிலத்தில், புறப்பாடு மறு மாநிலத்தில். காணாமற்போனோர் எத்தனை பேர்? அரசு ஒரு கணக்குச் சொன்னது. திருச்சபை வேறொன்று சொன்னது. மீனவர் அமைப்புகளின் பட்டியலோ இரண்டோடும் பொருந்தவில்லை. தம் மக்களைத் தாமே எண்ணிக் கொடுக்க வேண்டிய நிலைக்குக் கடலோரக் குடும்பங்கள் தள்ளப்பட்டன.

அதன்பின் நாம் கற்ற பாடம் கருவி வாங்குவது மட்டுமே. 1 லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. வரவேற்கிறேன். ஆயினும் கருவி ஊரையும் பெயரையும் சொல்வதில்லை. இருப்பிடத்தோடு ஓர் எண்ணைத்தான் அனுப்பும். வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் செல்வதும் 419 எனத் தொடங்கும் ஒன்பது இலக்க எண்ணே. அதைக் கொண்டு ஏட்டைப் புரட்டித்தான் மீட்புப்படை உரிமையாளரை அழைக்கும். பொய்யழைப்பா மெய்யா, எத்தனை பேர், மரப்படகா ஃபைபர் வள்ளமா என்று கேட்டறியும். படகின் வகையை ஒட்டியே நீரோட்டத்தில் அது எத்திசையில் ஒதுங்கும் என்று கணிப்பார்கள். ஏட்டில் இருப்பவர் படகை விற்று ஆண்டுகள் கடந்திருந்தால்? அவர் தொலைபேசி எண்ணே மாறியிருந்தால்? தேடுதலின் முதல் மணிநேரங்கள் அங்கேயே கரையும்.

இதற்கு மீனவரின் அலட்சியமே காரணம் என்பது அதிகாரிகள் வழக்கமாகக் கூறும் விடை. அதை நான் ஏற்கவில்லை. படகின் பதிவு ஓரிடம், வயர்லெஸ் உரிமம் வேறிடம், கருவியின் பதிவு மற்றோரிடம் என்று சிதறடித்தவர் மீனவரா? ஒரு கைபேசி எண்ணைத் திருத்த ஒரு நாள் தொழிலை அவர் இழக்க வேண்டுமா?

ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளை அதிகாரிகள் துறைமுகத்திலேயே ஆய்வு செய்கின்றனர். மானிய டீசலுக்காக இயந்திரத்தையும் நீளத்தையும் சரிபார்க்கும் அதே கைகள், அதே நாளில் வயர்லெஸ் எண்ணையும் உரிமையாளரின் தற்போதைய தொலைபேசியையும் கரையிலுள்ள உறவினர் ஒருவரின் எண்ணையும் கட்டணமின்றித் திருத்தட்டும். கேரளத்தில் திருத்தியது தமிழகத்திலும் அன்றே தெரியட்டும். டீசல் கணக்கில் ஒரு லிட்டர் பிசகினால் கண்டுபிடிக்கும் அரசுக்கு இது இயலாத காரியமன்று.