சேவை மூடினால் கணக்குக்கு யார் பொறுப்பு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடையைத் தொடர்ந்து, நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாப்ட் 2025 ஜூலையில் நிறுத்திவைத்தது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் திறன் கொண்ட சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நிறுவனம் அது. கட்டணம் செலுத்திய பின்னரும் சேவை மறுக்கப்பட்டதாகத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாள்களில் சேவை திரும்பியது. உள்நாட்டு மென்பொருளுக்கு மாற வேண்டும் என்ற குரல் அதன் பின் வலுத்தது.

அக்குரலில் நியாயம் உண்டு. ஆனால், பாதி நியாயம்தான். ட்விட்டருக்கு மாற்றாகத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கிய பெங்களூருவின் ‘கூ’ 2024 ஜூலையில் மூடப்பட்டது. அதற்கு எந்த நாட்டின் தடையும் காரணமன்று. நிறுவனத்தைக் கைமாற்றும் பேச்சுகள் தோல்வியடைந்தன, அவ்வளவே. உரிமையாளர் எந்த நாட்டவர் என்பதைவிட, அவர் கடையை மூடும்போது நம் பொருள் நம் கைக்கு வருமா என்பதே முதன்மையான கேள்வி.

நயாராவுக்கு வழக்கறிஞர்கள் இருந்தனர். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் கடை வைத்திருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய தலைமுறையின் பிள்ளைகள், இன்று மாதச் சந்தா செலுத்தி இணையவழிக் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு அறிக்கைக்கான இறுதி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கும் கடமையை வணிகர்மீது சுமத்துகிறது. கணக்கை உண்மையில் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனமோ, 72 மாதங்கள் தொழிலில் நீடிக்கும் கடமை எதுவும் இல்லாதது. பொறுப்பு ஓரிடத்திலும் சாவி வேறிடத்திலும் இருக்கும் ஏற்பாடு இது.

கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமையை 2011இல் நாடு முழுவதும் வழங்கியவர்கள் நாம். தரவுக்கும் அதைத் தந்திருக்கலாம். 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் அவ்வுரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் இல்லை. வணிகக் கணக்கோ பெரும்பாலும் அச்சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வராது. தடை விதித்த அதே ஐரோப்பிய ஒன்றியம், மேகக் கணினிச் சேவையை மாற்ற விரும்பும் வாடிக்கையாளருக்குத் தரவை எடுத்துச்செல்ல வழிவிடுமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது.

இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை, சந்தா செலுத்தும் முன் வணிகர் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: முழுக் கணக்கையும் எக்செல் கோப்பாகத் தரவிறக்க முடியுமா? பிடிஎஃப் மட்டும் கிடைத்தால் அதிகாரியிடம் காட்டலாம். வேறு மென்பொருளில் எளிதில் ஏற்ற முடியாது.