துபாய் காசுக்கு இங்க வரி உண்டா? ஊர் திரும்புவோரை சுத்தலில் விடும் 182 நாள் கணக்கு

ஓசூர்:

சானமாவு காட்டை ஒட்டிய கிராமங்களில் எல்லோருக்கும் ஒரு கணக்கு அத்துப்படி. கர்நாடக காட்டில் இருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக்கூட்டம் எந்த மாசம் இறங்கும் என்று சின்னப் பையன்கூட சொல்லுவான். ஆனால் வெளிநாட்டு வேலையை முடித்து ஊர் திரும்புகிறவர், தான் எந்த தேதியில் வந்து இறங்கினோம் என்பதை மறந்து விடுகிறார். வருமான வரி சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓசூர் சிப்காட்டில் பிட்டர், வெல்டர் வேலை பழகி, தேவனஹள்ளியில் விமானம் ஏறி துபாய், கத்தார், சிங்கப்பூர் போனவர்கள் திரும்பும்போது கேட்கும் முதல் கேள்வி, "அங்க சம்பாதிச்ச காசுக்கு இங்க வரி கட்டணுமா?" என்பதுதான்.

வெளிநாட்டுவாசியாக இருந்த வருஷங்களில் அங்கேயே சம்பாதித்து சேர்த்த பணத்தை ஊருக்கு கொண்டு வந்தால் அதற்கு வருமான வரி கிடையாது. திரும்பிய அந்த ஒரு வருஷத்து சம்பளமும், திரும்பிய பிறகு அந்த பணத்துக்கு வரும் வட்டியும்தான் வில்லங்கம்.

2020-ல் கிளம்பிய பீதி

2020 பிப்ரவரி 1-ந் தேதி மத்திய பட்ஜெட்டில் ஒரு அறிவிப்பு வந்தது. எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகன், இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார் என்றார்கள். வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அவ்வளவுதான், 'துபாய் சம்பளத்துக்கும் வரி' என்று பீதி கிளம்பியது. கேரள முதல்-மந்திரியாக இருந்த பினராயி விஜயன் பிரதமருக்கு கடிதமே எழுதினார்.

மறுநாளே மத்திய நேரடி வரிகள் வாரியம், உழைத்துப் பிழைக்கும் தொழிலாளர்களை குறிவைத்த சட்டம் இல்லை என்று விளக்கம் கொடுத்தது. கடைசியில், இந்திய வருமானம் ரூ.15 லட்சத்தை தாண்டுபவருக்கு மட்டும் என்று திருத்தினார்கள். பீதி அடங்கியது. ஆனால் அப்போது பிறந்த அரைகுறை தகவல் இன்னும் டீக்கடைகளில் சுத்திக்கொண்டு இருக்கிறது.

அக்டோபர் 1-ந் தேதி ரகசியம்

ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், நீங்கள் இங்கே வசிப்பவர். அக்டோபர் 1-ந் தேதி வந்து இறங்கினால் மார்ச் 31 வரை சரியாக 182 நாள் (லீப் வருஷம் என்றால் ஒரு நாள் கூடும்). ஆக, ஒரு நாள் முன்னே பின்னே டிக்கெட் போடுவதிலேயே உங்கள் அந்தஸ்து மாறிவிடும்.

10 வருஷம் துபாயில் இருந்தவர் செப்டம்பரில் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இங்கே வசிப்பவர் ஆகிவிடுவார். ஆனாலும் பயமில்லை. முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கும், முந்தைய 7 வருஷத்தில் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாதவருக்கும் 'ஆர்.என்.ஓ.ஆர்.' என்ற இடைநிலை அந்தஸ்து உண்டு. இரண்டு வருஷம், சிலருக்கு மூன்று வருஷம்கூட கிடைக்கும். அதுவரை வெளிநாட்டு சம்பளம், அங்குள்ள வங்கி வட்டிக்கு இங்கே வரி இல்லை.

மாட்டிக்கொள்பவர், சீக்கிரம் திரும்புகிறவர்தான். 2023 ஜூனில் போய் 2025 டிசம்பர் தொடக்கத்தில் ஒரேயடியாக வந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் 60 நாள், அதற்கு முந்தைய 4 வருஷத்தில் 365 நாள் இந்தியாவில் இருந்தாலே வசிப்பவர் என்று இன்னொரு விதி இருக்கிறது. இரண்டுமே இவருக்கு பொருந்தும். ஆர்.என்.ஓ.ஆர். சலுகையும் கிடைக்காது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அங்கே வாங்கிய சம்பளத்தையும் இங்கே கணக்கு காட்ட வேண்டும்.

லீவில் வந்து போகிறவருக்கு இந்த 60 நாள் 182 நாளாக தளர்த்தப்படும். வேலையை விட்டு வருபவருக்கும் அந்த தளர்வு உண்டா என்பதில் தீர்ப்பாயம் வரை வழக்குகள் போயிருக்கின்றன.

ஆறுதல் என்னவென்றால், 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி இங்கே வசிப்பவருக்கு ரூ.12 லட்சம் வருமானம் வரை வரி வராது. பெரும்பாலான தொழிலாளிகள் தப்பித்து விடுவார்கள். ஆனால் ரூ.4 லட்சத்தை தாண்டினால் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். கை நிறைய சம்பளம் வாங்கிய சூப்பர்வைசர், என்ஜினீயர்களுக்கு நிஜமாகவே வரி விழலாம். சிங்கப்பூரில் கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஆதாரம் வேண்டும்.

வங்கியில் இருக்கும் கண்ணி

என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கு வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரேயடியாக ஊர் திரும்பியதும் அந்த சலுகை போச்சு என்பது பலருக்கு தெரியாது. வங்கிக்கு உடனே தகவல் சொல்லி, சாதாரண கணக்காகவோ ஆர்.எப்.சி. எனும் வெளிநாட்டு கரன்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். ஆர்.எப்.சி. டெபாசிட் வட்டிக்கு, ஆர்.என்.ஓ.ஆர். ஆக இருக்கும்வரை வரி கிடையாது.

இடைநிலை காலம் முடிந்த பிறகு, வெளிநாட்டில் ஒரு வங்கிக் கணக்கு மிச்சம் இருந்தாலும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ம் ஆண்டு கருப்பு பண சட்டப்படி ரூ.10 லட்சம் வரை அபராதம். நிலம், வீடு நீங்கலாக மொத்த சொத்து ரூ.20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் இந்த அபராதம் இல்லை. 'யாருக்கு தெரியப்போகுது' என்ற பேச்சு இனி எடுபடாது. நாடுகள் வங்கி விவரங்களை பரிமாறிக் கொள்கின்றன. 2024 நவம்பரில் வரித்துறையே பலருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி உஷார்படுத்தியது.

என்ன செய்யலாம்?

1961-ம் ஆண்டு சட்டத்துக்கு பதிலாக வந்துள்ள புதிய வருமான வரிச் சட்டத்தின் அமலாக்க தேதி 2026 ஏப்ரல் 1. அதிலும் நாள் கணக்குதான் அடிப்படை. எனவே பழைய பாஸ்போர்ட்டை தூக்கிப் போடாதீர்கள். போர்டிங் பாஸ், சம்பள சீட்டு, கம்பெனி கொடுத்த கணக்கு முடித்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். டிக்கெட் போடும் முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாடு போகிறவர்களுக்கு புறப்படும் முன் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். திரும்பி வருகிறவர் கையில், இந்த நாள் கணக்கை எளிய தமிழில் சொல்லும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தால் புண்ணியமாகப் போகும். யானை வருகிறது என்றால் மைக் வைத்து சொல்கிறோமே, அதுபோலத்தான் இதுவும்.