காரைத் தாழ்த்த முன்...

போர்கோ வெக்கியோவில் எமது பெடியன்கள் சிலர் ஜீப் ரெனெகேடைத் தாழ்த்துவதற்கு ஃபியட் 500எக்ஸின் ஸ்பிரிங் தேடித் திரிகிறார்கள். யோசனை பிழையல்ல. இரண்டும் 2014இல் அறிமுகமானவை. ஒரே அடித்தளத்தில் மெல்ஃபி தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. ஆனால் எஞ்சினின் பாரத்துக்கேற்ப ஸ்பிரிங்கின் பலம் மாறும். பாக இலக்கம் பாராமல் வாங்கவேண்டாம்.

ஸ்பிரிங்கை வெட்டுவது (அப்படியும் செய்கிறார்கள்!) படு ஆபத்து. குடும்பத்தோடு சாந்தா ரோசாலியா கோவிலுக்கு மலையேறும்போது பாரங்கூடி அடிதட்டும். வளைவில் சில்லுப் பிடி விட்டுப்போகும்.

இத்தாலிய வீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி, மாற்றத்தை மோட்டொரிசாசியோனே அலுவலகம் பரிசோதித்து வாகனப் பத்திரத்தில் பதியவேண்டும். பதியாது ஓடினால் தண்டப்பணம், பத்திரமும் பறிபோகும். விபத்தென்றால் காப்புறுதிக்காரர் கொடுத்த நட்டஈட்டை எம்மிடமே திருப்பிக் கேட்கவும் கூடும்.

கராஜ்காரரிடம் விலை கேட்குமுன், பதிவுக்குரிய சான்றிதழ் தருவாரா என்று கேளுங்கள்.