ஆஸ்பத்திரி என்றால் என்ன?

நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தால், "ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன்" என்கிறோம். அந்தச் சொல்லின் கதை தெரியுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் போனால் இணுவில் வரும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1898இல் அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். அதுதான் மக்லியோட் ஆஸ்பத்திரி. டொக்டர் இசபெல்லா கர் என்னும் அம்மையார் கடல் கடந்து வந்து அங்கே வைத்தியம் பார்த்தார். ஊருக்கு அவர் அந்நியர்; ஆனாலும் ஊர்ப் பெண்கள் அவரை நம்பிப் போனார்கள்.

'ஹொஸ்பிட்டல்' என்பதன் மூலம் லத்தீன் மொழி. அதில் 'ஹொஸ்பெஸ்' என்றால் விருந்தாளி. விருந்தளிப்பவருக்கும் அதே சொல்தான். அதிலிருந்து வந்த 'ஹொஸ்பிட்டாலே' முதலில் விருந்தினர் தங்கும் இடத்தையே குறித்தது. வழிப்போக்கரும் ஏழைகளும் தங்கிய அத்தகைய இடங்களில் நோயாளிகளையும் பராமரித்தார்கள். காலப்போக்கில் அச்சொல் வைத்தியசாலைக்கு ஆகிவிட்டது. 'ஹோட்டல்', 'ஹொஸ்டல்' ஆகியவையும் அதன் பிள்ளைகளே.

அரபியில் வைத்தியசாலை 'முஸ்தஷ்ஃபா'. ஷிஃபாவை, அதாவது குணத்தைத் தேடும் இடம். முன்னாளில் வழங்கிய 'பீமாரிஸ்தான்' பாரசீகச் சொல்; நோயாளிகளின் இடம் என்று பொருள். ஒரு சொல் குணத்தைப் பார்க்கிறது, ஒன்று நோயாளியைப் பார்க்கிறது. லத்தீன் சொல்லோ வந்தவரை விருந்தாளியாகப் பார்க்கிறது.

லத்தீனில் 'ஹொஸ்டிஸ்' என்று இன்னொரு சொல் உண்டு. முதலில் அந்நியன் என்று பொருள். பின்னர் பகைவன் என்றாயிற்று. இதுவும் 'ஹொஸ்பெஸ்'ஸும் ஒரே வேரில் பிறந்தவை என்பார்கள் மொழி அறிஞர்கள். வாசலில் நிற்கும் அந்நியர் விருந்தாளி ஆவதும் பகைவர் ஆவதும் வீட்டுக்காரரின் கையில்தான் இருக்கிறது. நம் தமிழிலும் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்ற பொருள் உண்டு. விருந்தாளி என்றால் புதியவர்!

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் சிறுவன். புத்தளத்தில் ஒரு வீட்டுத் தாய், எங்கள் பெயரைக் கூடக் கேட்கவில்லை. முதலில் தண்ணீர் தந்தார். லத்தீன் அகராதியைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த வாசலில் இந்தச் சொல்லின் பொருளைப் படித்துவிட்டேன்.

வைத்தியசாலைகளில் பணிபுரியும் சகோதர சகோதரிகளே! கட்டில் இலக்கத்தைச் சொல்லி நோயாளியை அழைக்காதீர்கள். பெயரைச் சொல்லி அழையுங்கள். வந்திருப்பவர் உங்கள் விருந்தாளி.