பின்னாடி தொங்குற மோட்டாரா, வயித்துக்குள்ள இஞ்சினா?

மக்களே, ரெண்டு வாரமா எங்க வீட்டுல ஒரே சண்டை. மாமியார் விஷயம் இல்ல, மோட்டார் விஷயம். குடும்பத்தோட ஏரியில சுத்த பழைய படகு ஒண்ணு வாங்கணும். ரெண்டு படகு பார்த்து வெச்சாச்சு. ஒண்ணு 2004-ல செஞ்சது, 19 அடி, உள்ளே 4.3 லிட்டர் வி6 இஞ்சினும் பின்னாடி ஸ்டெர்ன் டிரைவும். விலை 9,500 டாலர். இன்னொண்ணு 2007, 18 அடி, பின்னாடி 115 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்ட். 13,000 டாலர். தங்கமணி முதலாவது கட்சி. நான் ரெண்டாவது கட்சி. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார தாத்தா (ரிட்டயர்டு மெக்கானிக்) முதலாவது கட்சிக்கு வெளியில இருந்து ஆதரவு.

இருக்கிறது மின்னசோட்டா. பத்தாயிரம் ஏரின்னு வண்டி நம்பர் பிளேட்டுலயே போட்டிருப்பான். உண்மையில அதுக்கும் மேல. இங்க படகு வெச்சிருக்கிறது பணக்காரத்தனம் எல்லாம் இல்ல, நம்ம ஊர்ல டூ வீலர் வெச்சிருக்கிற மாதிரி. ஆனா வருஷத்துல அஞ்சு மாசம்தான் ஓட்டலாம். மிச்ச நாள் ஏரி மேல லாரியே ஓடும். இந்தப் பதிவுல நான் சொல்லப்போற வாதம் முழுக்க அந்தப் பனியில இருந்துதான் வருது.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. அவுட்போர்ட்னா மொத்த இஞ்சினும் படகுக்கு வெளியே, பின்பலகையில மாட்டித் தொங்கும். நம்ம கடற்கரையில மீனவர்கள் கரைக்கு வந்ததும் கழட்டித் தோள்ல தூக்கிட்டுப் போவாங்களே, அதோட பெரிய அண்ணன். ஸ்டெர்ன் டிரைவ்னா இஞ்சின் படகோட வயித்துக்குள்ள மூடி போட்டு உக்காந்திருக்கும். பின்பலகையில பெரிய ஓட்டை போட்டு, அது வழியா சக்தி வெளியே இருக்கிற காலுக்குப் போகும். அந்தக் கால்லதான் காத்தாடி. திருப்பினா காலே திரும்பும்.

1959-ல வோல்வோ பென்டா இதை அக்வாமேட்டிக்னு பேர் வெச்சு சந்தைக்குக் கொண்டு வந்தப்ப அது உண்மையிலேயே பெரிய விஷயம். யோசனை ஜிம் வின் என்கிற அமெரிக்க இஞ்சினியரோடது. அப்போ இருந்த அவுட்போர்ட் எல்லாம் புகை, சத்தம், சக்தியும் கம்மி. கார் இஞ்சினோட பலத்தை அவுட்போர்ட் மாதிரி திரும்புற காலோட சேர்த்துட்டார் மனுஷன். அதுக்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு இங்க குடும்பப் படகுன்னாலே பெரும்பாலும் ஸ்டெர்ன் டிரைவ்தான். அதனாலதான் பழைய படகுச் சந்தையில அது குவிஞ்சு கிடக்கு, விலையும் கம்மி.

தாத்தாவோட வாதம்: "அது செவ்ரொலே இஞ்சின்டா தம்பி. அதே 4.3 ஆயிரக்கணக்கான வேன்ல ஓடியிருக்கு. எவன் வேணா ரிப்பேர் பண்ணுவான்." (தம்பின்னு அவர் சொல்லல, நானா போட்டுக்கிட்டேன்.) பாதி உண்மை. பிளாக் கார் வம்சம்தான். ஆனா அதுல மாட்டியிருக்கிற ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர் எல்லாம் தீப்பொறி வெளியே வராத மாதிரி அடைச்சு செஞ்சது. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம். மூடின பெட்டிக்குள்ள அடியில போய் தேங்கி நிக்கும். அங்க மலிவா கிடைக்குதேன்னு கார் கடை ஸ்டார்ட்டரைப் போட்டா அது படகு இல்ல, வெடிகுண்டு. அதனாலதான் சாவி திருப்புறதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் ப்ளோயர் ஓட்டணும்னு எழுதி ஒட்டியிருப்பான். பசங்க "சீக்கிரம்பா"ன்னு குதிக்கிறப்ப அந்த நாலு நிமிஷத்தை எத்தனை பேர் ஓட்டுறாங்கன்னு சும்மா யோசிச்சுப் பாருங்க. அவுட்போர்ட்ல டேங்க் தரைக்கு அடியில இருந்தாலும், பொறி பறக்கிற சாமான் எல்லாம் வெளியே காத்தாட நிக்குது.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு காண்டுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

இதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு படகு இருந்துச்சு. 1996 மாடல், ஸ்டெர்ன் டிரைவ், இதே 4.3. பொண்ணுக்கு அப்போ எட்டு வயசு. நீச்சல் கத்துக்கிட்டதே அந்தப் படகோட பின்பக்க மேடையில இருந்து குதிச்சுதான். அந்த இஞ்சினை ஏரித் தண்ணிதான் நேரா உள்ளே ஓடி குளிர வைக்கும். பனிக்காலத்துக்கு முன்னாடி அந்தத் தண்ணியை முழுக்க வடிக்கணும். கடையில குடுத்தா 400 டாலர் கேட்டான். 'இதென்ன பெரிய வித்தை'ன்னு நானே இறங்கினேன். பிளாக்ல ரெண்டு பக்கமும் அடைப்பான், மேனிஃபோல்டுல ரெண்டு. எல்லாம் கழட்டினேன். மூணுல நல்லா தண்ணி கொட்டுச்சு. இடது பக்க பிளாக்ல மட்டும் ஒரு ஸ்பூன் வந்து நின்னுடுச்சு. 'ஏற்கனவே வடிஞ்சிருக்கும்'னு நினைச்சு மூடிட்டு, மேல தார்ப்பாய் கட்டிட்டு, நல்ல பிள்ளையா உள்ளே வந்து காபி குடிச்சேன்.

வடியல. உள்ளே துருப் பொருக்கு வந்து ஓட்டையை அடைச்சிருக்கு. அடைப்பானைக் கழட்டினா மட்டும் போதாது, ஒரு கம்பியை விட்டுக் குடையணும். அது எனக்கு மே மாசம்தான் தெரிஞ்சது. தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருசாகும். வார்ப்பிரும்பு அதுக்கு வழி விடாது, விரிஞ்சிடும். வசந்த காலத்துல ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தா நான் குடிச்ச அதே காபி கலர்ல ஆயில். பொண்ணு பக்கத்துல லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தா. 'அப்பா, இன்னைக்குப் போறோமா?'

பிளாக் மாத்த கேட்ட காசு படகோட விலையை விட அதிகம். டிரெய்லரோட சேர்த்து 800 டாலருக்குக் கொடுத்தேன். அதுக்கப்புறம் நாலு கோடை படகு இல்லாமலே போச்சு. யார் மேலயும் பழி போட முடியாது, முழுக்க என் கைவண்ணம்.

அவுட்போர்ட்ல இந்தக் கண்டமே கிடையாது. நேரா நிமித்தி நிறுத்தி வெச்சா தண்ணி தானா வடிஞ்சிடும். கியர் ஆயிலை மாத்து, பெட்ரோல்ல ஸ்டெபிலைசர் ஊத்து, இஞ்சின் ஆயிலை மாத்து, முடிஞ்சது. என்னை மாதிரி அரைகுறைகளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

இன்னொரு பயம் அந்தப் பின்பலகை ஓட்டை. ஸ்டெர்ன் டிரைவ்ல தண்ணி உள்ளே வராம தடுக்கிறது பெல்லோஸ்னு சொல்ற மடிப்பு மடிப்பான ரப்பர். ரப்பர்னா என்னைக்காவது விரியும். படகைத் துறையில கட்டிப் போட்டுட்டு வந்தா, விரிஞ்ச ரப்பர் வழியா தண்ணி ஏறி படகு மூழ்கிப் போன கதை எந்தத் துறையில கேட்டாலும் ஒண்ணு சொல்வாங்க. சில வருஷத்துக்கு ஒரு தடவை காலையே கழட்டி ரப்பரை மாத்தணும். பாக்கிற 2004 படகுல அது எப்போ மாத்தினதுன்னு ஓனருக்குத் தெரியல. "ஓடுது சார், ஒரு பிரச்சினையும் இல்ல"ங்கிறார். பழசு வாங்குறவன் பயப்பட வேண்டிய வாக்கியம் இதுதான். விலையில இருக்கிற 3,500 டாலர் வித்தியாசத்துல பெல்லோஸ், கிம்பல் பேரிங், இம்பெல்லர்னு பாதி முதல் வருஷமே கரைஞ்சிடும். இஞ்சினே போச்சுன்னா ஸ்டெர்ன் டிரைவ்ல அறுவை சிகிச்சை. அவுட்போர்ட்ல போல்ட்டைக் கழட்டி வேற ஒண்ணை மாட்டலாம். செலவு எக்கச்சக்கம்தான், ஆனா படகு பிழைக்கும்.

இப்போ தங்கமணி கட்சி. அவங்க சொல்றதையும் தள்ள முடியல. ஸ்டெர்ன் டிரைவ்ல பின்பக்கம் முழு அகலத்துக்கு மேடை இருக்கும். பொண்ணு குதிக்கலாம், எங்க மாமியார் கால் தொங்கப் போட்டு உக்காரலாம். அவுட்போர்ட் படகுல நடுவுல மோட்டார் நந்தி மாதிரி நிக்கும், ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு துண்டு இடம். "படகு வாங்குறது பிள்ளைக்கா, உங்க பயத்துக்கா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியாம ரெண்டு நாள் முழிச்சேன். (எந்த மோட்டாரா இருந்தாலும் சரி, இஞ்சின் ஓடுறப்ப பின்மேடையில யாரும் உக்காரக் கூடாது. காத்தாடி ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். இதுல மட்டும் வீட்டுல எல்லாரும் ஒரே கட்சி.)

நியாயமா இன்னொண்ணும் சொல்லிடறேன். நல்ல தண்ணியில மட்டும் ஓடின, ரசீது எல்லாம் பத்திரமா வெச்சிருக்கிற ஓனர்கிட்ட இருந்து வர்ற ஸ்டெர்ன் டிரைவ், கை வேலை தெரிஞ்சவருக்கு அருமையான பேரம். தாத்தா வாங்கினா நான் மறு பேச்சு பேச மாட்டேன். பனி விழாத ஊர்ல, நல்ல தண்ணி ஏரின்னா என் வாதத்துல பாதி அடிபட்டுப் போயிடும். கடல் தண்ணின்னா திரும்ப அவுட்போர்ட் பக்கம்தான், உப்பு அந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உள்ளேயே தின்னுடும். அதே மாதிரி அவுட்போர்ட்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னும் இல்ல. 90-கள்ல வந்த கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் சும்மா குடுத்தாலும் வேண்டாம். ஊத்துற பெட்ரோல்ல கால்வாசி வரைக்கும் எரியாமலே தண்ணிக்குள்ள துப்பும். லேக் டாஹோவுல 1999-லயே தடை பண்ணிட்டாங்க. ஸ்டெர்ன் டிரைவ்லயும் ஓஎம்சி கோப்ரான்னு பார்த்தா அடுத்த படகுக்கு நகர்ந்துடுங்க. அந்தக் கம்பெனி 2000 டிசம்பர்லயே திவால், பாகம் தேடியே கோடை முடிஞ்சிடும்.

நேத்து ராத்திரி பேச்சுவார்த்தையில ஒரு முடிவு வந்திருக்கு. அவுட்போர்ட் படகைத்தான் முதல்ல பாக்கிறோம். ஆனா ரெண்டு நிபந்தனை. நாலு சிலிண்டர் கம்ப்ரெஷனும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள்ள இருக்கணும், கியர் ஆயில் பால் நிறத்துல இருக்கக் கூடாது, பின்பலகையைத் தட்டினா பொத்து பொத்துன்னு கேக்கக் கூடாது. இது மூணும் சேர்ந்து என்னோட ஒரு நிபந்தனை. பின்னாடி மோட்டாருக்குப் பக்கத்துல இருக்கிற இடத்துல ஏணியும் மாட்டி, ஒரு ஆள் வசதியா உக்காரவும் முடியணும். இது தங்கமணியோடது.

சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கார் ஓனர். இஞ்சினை முன்னாடியே சூடு பண்ணி வெக்காதீங்கன்னு சொல்லியாச்சு, பச்சைத் தண்ணியா இருக்கிறப்பவே ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கணும். தாத்தாவும் கூட வர்றார், கம்ப்ரெஷன் கேஜ் அவரோடது. தங்கமணி ஹேண்ட்பேக்ல இஞ்ச் டேப்பை எடுத்து வெச்சாச்சு. பொண்ணுக்கு இப்போ பன்னெண்டு முடிஞ்சிடுச்சு, அந்தப் பழைய லைஃப் ஜாக்கெட் பத்தாது. போற வழியில புதுசு ஒண்ணு வாங்கணும்.