கர்ச்சீஃபை எடு, ப்ராக் போலாம்!

யூரோப்னு சொன்னதும் நம்ம பசங்க கண்ணு முன்னாடி வர்றது ரெண்டே விஷயம்தான். மெல்லிசு சேலையில ஹீரோயின் குளிர்ல நடுங்குற டூயட்... அப்புறம் ஒரு ஆறு, அது மேல பழைய கல் பாலம். செக் நாட்டுத் தலைநகர் ப்ராக்ல இருக்குற சார்லஸ் பாலம் அந்த வகையில சூப்பர் ஸ்டார். 1357-ல கட்ட ஆரம்பிச்சது. 16 வளைவு, ரெண்டு பக்கமும் சேர்த்து 30 சிலை. இப்ப அதுல வண்டிக்கு அனுமதி கிடையாது. நடக்கலாம், நிக்கலாம், ஆத்தை வேடிக்கை பார்க்கலாம். இதுக்குத்தான் ஜனங்க ஃப்ளைட் ஏறிப் போறாங்க!

நம்மகிட்ட விசாவும் இல்ல, காசும் இல்ல. பரவாயில்ல, தி.நகர்ல பஸ் ஏறி சைதாப்பேட்டை வாங்க. மறைமலை அடிகள் பாலம், கீழே அடையாறு. வழக்கமா இங்க நாம செய்யறது ஒண்ணுதான்... கர்ச்சீஃபை மூக்குல வைக்கிறது. 1726-ல இதே இடத்துல கோஜா பெட்ரஸ் உஸ்கான்ங்கிற ஆர்மீனிய வியாபாரி சொந்தக் காசைப் போட்டு ஒரு பாலம் கட்டினார். பேரு மார்மலாங் பாலம். வேற ஒண்ணுமில்ல, நம்ம மாம்பலம்தான் வெள்ளைக்காரன் வாயில அப்படி நசுங்கிடுச்சு! பரங்கிமலைப் படிக்கட்டும் இவரோட உபயம்தான். 1960-கள்ல புதுப் பாலம் வந்து பழசு போயிடுச்சு. பாலம் தாண்டினா சின்னமலை. அங்க போர்ச்சுக்கீசியர் 1551-ல கட்டின சர்ச் இருக்கு.

ஆறு போற வழியிலயே கிழக்கே போனா அடையாறு. திரு.வி.க. பாலத்தை ஒட்டி தியசாபிகல் சொசைட்டி, 1882-ல இருந்து இங்கதான். அந்தப் பெரிய ஆலமரத்தோட தாய்மரம் 1989-ல சாஞ்சிடுச்சு. ஆனா விழுதுங்க கெத்தா நிக்குது. (கேட் திறக்கிற நேரத்தை விசாரிச்சுட்டுப் போங்க.)

கடைசி ஸ்டாப், ஆறு கடல்ல சேர்ற இடத்துல உடைஞ்ச பாலம். 1967-ல கட்டினது, பத்தே வருஷத்துல, 1977-ல, தண்ணி ஒரு பகுதியை அடிச்சுட்டுப் போயிடுச்சு. சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, இதைவிட நல்ல லேப் உங்களுக்குக் கிடைக்காது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிடுங்க. உடைஞ்ச முனையில நின்னு போட்டோ எல்லாம் வேணாம், ப்ளீஸ்.

ப்ராக்லயும் எல்லாமே அழகு இல்ல. 2002 ஆகஸ்ட்ல அவங்க ஆறு மெட்ரோ சுரங்கத்துக்குள்ளயே புகுந்துடுச்சு. ஆனா அந்த ஊர்க்காரங்க ரொம்பக் காலமா ஆத்து மேல ஒரு கண்ணு வச்சிருக்காங்க. சார்லஸ் பாலத்துக்கிட்ட கரைச் சுவர்ல தாடிக்காரர் முகம் ஒண்ணு கல்லுல செதுக்கியிருக்கு. தண்ணி அவர் தாடி வரைக்கும் வந்துட்டா உஷாராயிடுவாங்க!

நாம 2015 டிசம்பர்ல முழிச்சோம். செம்பரம்பாக்கத்துல இருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட ராத்திரி, சைதாப்பேட்டையிலயும் கோட்டூர்புரத்துலயும் வீட்டுக்குள்ள ஆறு ஓடுச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிற ஊருக்கு, கரை சுருங்கினாலும் தெரியாது, குப்பை ஏறினாலும் தெரியாது.

அதனால டூர்ல கோட்டூர்புரத்துல ஒரு டீக்கும் டைம் ஒதுக்குங்க. "அண்ணே, அன்னிக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"ன்னு கேளுங்க. பதில் சொல்ல மாட்டார்... சுவர்ல கையை வச்சுக் காட்டுவார்.