கோப்பை யாருக்கு? கணக்கு எங்கே?



“இந்த ஆண்டுக் கோப்பை யாருக்கு?”

ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போதே இந்தக் கேள்வி நம் விடுதி மெஸ்ஸில் புறப்பட்டுவிடும். சாம்பார் ஆறும், வாதம் ஆறாது. “சென்னைதான், வேறு யார்?” என்பார் ஒருவர். “பட்டான்செருவில் இருந்துகொண்டு ஐதராபாத்தை மறக்கலாமா? உப்பலில் அவர்கள் அடிக்கும் அடியைப் பார்த்தீரா?” என்பார் மற்றொருவர். மூன்றாமவர் இருவரையும் பார்த்துப் புன்னகை புரிவார். அவர் மும்பை அணியின் அன்பர். அவரவர் சொல்வதை ஐயமின்றிச் சொல்வார். அரசாணை படிப்பதுபோல் சொல்வார்.

இரண்டு மாதம் கழியும். கோப்பையை யாரோ தூக்குவார்கள். அப்போது நம் ஆரூடக்காரர்கள் எங்கே? தவறாகச் சொன்னவர், தாம் சொன்னதையே மறந்திருப்பார். சரியாகச் சொன்னவர் மட்டும் அடுத்த ஆண்டுவரை அதை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருப்பார். கணக்கு என்பது எங்குமே இராது.

ஆரூடம் சொல்வது குற்றமா? இல்லை. ஆட்டத்தின் இன்பத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு வைக்காத ஆரூடம் ஒரு தீமையைச் செய்கிறது: அறியாதவனை அறிந்தவன் என்று நம்பவைக்கிறது. அந்த நம்பிக்கைக்கு விலையுண்டு. அந்த விலையைக் கொடுத்த ஒருவனை நான் அறிவேன். அவன் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் வரலாற்றைக் கேளுங்கள்.

2008ஆம் ஆண்டு, முதல் ஐ.பி.எல். மிகக் குறைந்த விலைக்கு வாங்கப்பட்ட அணி ராஜஸ்தான். அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. ஐதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் அணியிலோ லட்சுமணன், கில்கிறிஸ்ட், சைமண்ட்ஸ், அஃப்ரிடி, கிப்ஸ் என்று பெயர்பெற்றோர் வரிசை. முடிவு என்ன? ஷேன் வார்னின் ராஜஸ்தான் இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் சென்னையை வென்று கோப்பையைக் கொண்டது. டெக்கான் சார்ஜர்ஸ் 14 ஆட்டங்களில் இரண்டே வென்று கடைசி இடத்தில் கிடந்தது. சரி, அடுத்த ஆண்டு ஆரூடம் சொல்ல வேண்டியதுதானே? 2009இல் தென்னாப்பிரிக்காவில் ஆடியபோது, கடைசியில் கிடந்த அதே டெக்கான் சார்ஜர்ஸ் கோப்பையை வென்றது!

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2024இல் முதல் நான்கு இடம் பெற்றவை கொல்கத்தா, ஐதராபாத், ராஜஸ்தான், பெங்களூரு. கடைசி மூன்று இடங்களில் நின்றவை குஜராத், பஞ்சாப், மும்பை. 2025இல் முதல் நால்வர் யார்? பஞ்சாப், பெங்களூரு, குஜராத், மும்பை! கடைசி மூவரும் மேலேறினர். மேலிருந்த மூவரும் கீழிறங்கினர். சென்னை நான்கே ஆட்டங்களில் வென்று பத்தாம் இடத்தில் முடிந்தது. 2025இன் முதல் ஆட்டத்தில் உப்பலில் 286 ஓட்டங்கள் குவித்த ஐதராபாத் அணி, “இவர்கள் 300ஐத் தாண்டுவார்கள்” என்று ஊரெல்லாம் பேசவைத்துவிட்டு, ஆறாம் இடத்தோடு அமைந்தது. பதினேழு ஆண்டு ஏளனம் கேட்ட பெங்களூரு, 18ஆம் ஆண்டில் கோப்பை கண்டது.

அந்த ஆண்டு நான் எழுதிய நால்வர் பட்டியல் என் பழைய ஏடொன்றில் இன்னும் இருக்கிறது: சென்னை, ஐதராபாத், கொல்கத்தா, பெங்களூரு. நான்கில் ஒன்று சரி. அறிவியல் பயிலும் மாணவனின் இலட்சணம் இது!

ஏன் இப்படி? நம் அறிவு குறைவா? ஆட்டம் ஏமாற்றா? இரண்டும் இல்லை. ஒரு ரூபாய் நாணயம் போதும், விளங்கிவிடும்.

பத்து அணிகளும் எள்ளளவும் ஏற்றத்தாழ்வின்றிச் சமவலிமை உடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தையும் நாணயம் சுண்டித் தீர்மானிப்போம். 14 முறை சுண்டினால் ஏழு வெற்றி வரவேண்டும் என்று மனம் சொல்லும். கணக்கோ வேறு சொல்கிறது. நான்கு அல்லது அதற்கும் குறைவான வெற்றி கிட்டுவதற்கு நூற்றுக்கு 9 வாய்ப்பு. பத்து அல்லது அதற்கு மேல் கிட்டுவதற்கும் நூற்றுக்கு 9. அணிகள் பத்து அல்லவா? ஆகவே திறமையில் அணுவளவும் வேறுபாடு இல்லாதபோதும், ஏறத்தாழ ஓர் அணி நான்கு வெற்றியோடு நொந்து நிற்கும்; ஓர் அணி பத்து வெற்றியோடு நெஞ்சு நிமிர்த்தும். 2025இன் பட்டியலில் முதல் மூன்று அணிகளுக்கு ஒன்பது வெற்றிகள். கடைசி இரண்டுக்கு நான்கு. நாணயம் தந்திருக்கக்கூடிய பட்டியலுக்கும் இதற்கும் பெருந்தூரம் இல்லை. நாமோ அந்த நான்கு வெற்றிக்கு நாற்பது காரணம் கண்டுபிடித்தோம்!

“அப்படியானால் திறமை என்பதே இல்லையா?” என்று சினந்து கேட்பீர்கள். உண்டு, தோழர்களே, உண்டு. சென்னை அணி 2008 முதல் 2019 வரை, தடையால் விலகியிருந்த இரண்டு ஆண்டுகள் போக, தான் ஆடிய பத்துத் தொடர்களிலும் முதல் நால்வருள் ஒன்றாக வந்தது. எட்டில் நான்கு, அதாவது பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கொண்டால், ஓர் அணிக்குத் தற்செயலாக இது நேர்வதற்கு 1,024இல் ஒரு வாய்ப்புத்தான். இதை நாணயத்தின் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே திறமை இருந்தது. ஆனால் அதை நமக்குக் காட்டியது ஒரு தொடரன்று, பத்துத் தொடர்கள்.

இந்தப் பாடத்தை நமக்குச் சொல்ல வெளியூர் அறிஞர் வரவேண்டியதில்லை. 1972 முதல் நம் பட்டான்செருவிலேயே இயங்குகிறது இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம். சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றை ஆராயும் இடம். பயிராய்வின் அரிச்சுவடி அறிந்த எவரும் ஒரு பாத்தியில் விளைந்ததைக் கண்டு, “இதுவே சிறந்த இரகம்” என்று பறைசாற்றுவதில்லை. அந்தப் பாத்தியில் மண் வளமாக இருந்திருக்கலாம், நீர் தேங்கியிருக்கலாம். ஆகவே ஒரே இரகத்தைப் பல பாத்திகளில், குலுக்கல் முறையில் இடம் மாற்றி விதைப்பார்கள். பல பருவம் பார்ப்பார்கள். பல ஊர் பார்ப்பார்கள். அதன்பின்தான் வாய் திறப்பார்கள். ஒரு பிடி துவரைக்குக் காட்டும் பொறுமையைப் பதினொரு மனிதர் ஆடும் ஆட்டத்துக்கு நாம் காட்டக்கூடாதா?

அதோடு, ஐ.பி.எல். என்னும் வயலில் விதையும் அடிக்கடி மாறுகிறது. 2022க்கு முன்னும் 2025க்கு முன்னும் நடந்த பேரேலங்களில் அணிகள் கலைந்து புதிதாகக் கூடின. சட்டையின் நிறம் அதேதான். சட்டைக்குள் இருப்பவர் வேறு. பத்தாண்டுப் பெருமையைப் புதிய அணியின்மேல் ஏற்றி ஆரூடம் சொல்வது, போன பருவத்து நெல்லின் விளைச்சலை இந்தப் பருவத்துக் கம்புக்கு எழுதுவது போன்றது.

உலகெங்கும் இதே கதைதான். ‘கால்பந்து’ என்று பெயரிட்டுவிட்டுக் கையால் எறிந்து ஆடுகிறார்களே அமெரிக்கர்கள், அந்த ஆட்டத்தில் 32 அணிகள். 2021 முதல் ஒவ்வொன்றுக்கும் 17 ஆட்டங்கள். பருவம் தொடங்குமுன் அங்கே ஏடுகள் தோறும் ஆரூடம் பறக்கும். 1998இல் செயிண்ட் லூயிஸ் ராம்ஸ் அணி 16 ஆட்டங்களில் நான்குதான் வென்றது. அடுத்த பருவம் தொடங்குமுன்னரே அதன் முதன்மை எறிவாளர் காயமுற்று வீழ்ந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் கர்ட் வார்னர். ஒரு காலத்தில் மளிகைக் கடையில் இரவு நேரத்தில் பொருள் அடுக்கியவர். அந்த அணி அந்தப் பருவத்தின் பட்டத்தை வென்றது! எந்த ஆரூடக்காரர் இதைக் கண்டார்? இங்கிலாந்தில் லெஸ்டர் நகர அணியின் வெற்றிக்குப் பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு 5,000 தருவதாகச் சொன்னார்கள். 2016இல் அந்த அணியே பட்டம் வென்றது.

இனி, நான் சொல்வதாகச் சொன்ன கதை.

விடுதியில் எனக்குத் தெரிந்த ஒரு மாணவன். தந்தை விசைத்தறியில் இரவு வேலை பார்த்து அனுப்பிய பருவக் கட்டணம் அவன் கையில் இருந்தது. கைப்பேசியில் ஒரு குழு. அதில் ஒரு ‘மேதை’. நாளை எந்த அணி வெல்லும் என்று முன்கூட்டியே செய்தி வரும். முதல் நாள் சரி. இரண்டாம் நாள் சரி. ஐந்து ஆட்டங்களும் சரி! “இவருக்கு உள்விவரம் தெரியும்டா” என்றான் அவன். ஆறாம் ஆட்டத்தில் கட்டணத்தில் பாதியை வைத்தான். போயிற்று. போனதை மீட்க மறுபாதியையும் வைத்தான். அதுவும் போயிற்று. தேர்வுக்கு முன் நாங்கள் சிலர் கூடி அவனுக்குப் பணம் திரட்டினோம். அவன் தலை நிமிர்ந்து எங்களைப் பார்க்கப் பல நாட்கள் ஆயின.

அந்த ‘மேதை’ என்ன செய்தார் என்று என்னால் மெய்ப்பிக்க இயலாது. ஆனால் அப்படி ஒரு மேதையாவது எவ்வளவு எளிது என்று காட்ட இயலும். 3,200 பேரைச் சேருங்கள். பாதிப் பேருக்கு ‘அ’ அணி வெல்லும் என்று அனுப்புங்கள்; மறுபாதிக்கு ‘ஆ’ அணி. சரியான செய்தி பெற்றவர் 1,600 பேர். தவறாகப் பெற்றவர்களை விட்டுவிடுங்கள். அடுத்த ஆட்டம் 800, பிறகு 400, பிறகு 200. ஐந்தாம் ஆட்டம் முடிந்ததும் 100 பேர் உங்களைத் தெய்வமாகத் தொழுவார்கள். கிரிக்கெட் மட்டையை உங்களுக்குத் தொட்டுப் பழக்கமே வேண்டாம்! அந்த 100 பேருக்கும் மற்ற 3,100 பேர் இருப்பதே தெரியாது. கணக்கு முழுவதும் கண்முன் இல்லாத இடத்தில் இப்படித்தான் கயமை கடை விரிக்கும்.

சட்டம் உறங்கவில்லை. தெலங்கானா 2017லேயே இணையவழிச் சூதாட்டத்தைத் தடுத்தது. தமிழ்நாடு 2022இல் சட்டம் செய்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. வரவேற்கிறேன். ஆனால் வாசல் அடைத்தால் சன்னல் தேடுவோர் இருப்பார்கள். சட்டம் கையைக் கட்டும்; கருத்தைத் திருத்துவது கல்வியின் வேலை. கல்வி கற்க வந்த நாம் அதைச் செய்யாவிட்டால் யார் செய்வார்?

ஆகவே நம் தமிழ் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஆட்டத் தொடரின் முதற்பந்து வீசப்படுமுன் மன்றத்தின் பெயரால் ஓர் ஏடு திறப்போம். ஆரூடம் சொல்ல விரும்புவோர், பத்து அணிகளும் முதல் நால்வருள் வருவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். “நிச்சயம் வரும்”, “வரவே வராது” என்ற வாய்ச்சொல் செல்லாது, எண் வேண்டும். தொடர் முடிந்ததும் பிழைக் கணக்குப் போடுவோம். மழை ஆரூடங்களைச் சோதிக்க 1950இல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் வகுத்த முறை ஒன்று இருக்கிறது, எளிமையானது. 90 என்று எழுதிய அணி நுழையாவிட்டால் பிழை 0.9, அதை வர்க்கப்படுத்தினால் 0.81 தண்டம். 60 என்று அடக்கமாக எழுதியிருந்தால் 0.36தான். பத்து அணிகளின் தண்டத்தையும் கூட்டுங்கள். குறைந்த தண்டம் பெற்றவர் சிறந்தவர்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கிரிக்கெட்டே அறியாத ஒருவர் பத்து அணிகளுக்கும் 40, 40 என்று எழுதிவிட்டுப் போனால் அவர் தண்டம் 2.4. நால்வரை அடித்துச் சொல்லி, அவருள் இருவர் சரியாக அமைந்த வீரருக்கோ தண்டம் 4! மூவரைச் சரியாகச் சொன்னால்தான் 2 ஆகி, அறியாதவரை வெல்லலாம். சீட்டுக் குலுக்கி நால்வரை எடுத்தாலும் நூற்றுக்கு 54 முறைக்குமேல் இரண்டோ அதற்கு மேலோ சரியாக வந்துவிடும். “நான்கில் இரண்டு சொன்னேனே!” என்று மார்தட்டுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். என் 2025ஆம் ஆண்டுப் பட்டியலின் தண்டம் 6 என்பதையும் வெட்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

“நீர் ஆட்டத்தின் சுவையையே கெடுக்கிறீர்” என்று சிலர் சொல்லக்கூடும். நான் கெடுப்பது சுவையை அன்று, செருக்கை. ஊர்விட்டு வந்திருக்கும் நமக்கு மஞ்சள் சட்டையைக் கண்டால் நெஞ்சு விம்முகிறது. நகரின் மறுகோடியில் இருக்கும் உப்பலுக்கு மூன்று வண்டி மாறிப் போகிறோம். தோற்றால் பேசாமல் திரும்பி வருகிறோம். அந்த அன்பு வாழட்டும். ஆசை வேறு, ஆரூடம் வேறு என்று அறிந்தவனுக்கும் ஆசைப்பட உரிமை உண்டு. அவன் தன் ஆசையின்மேல் தந்தையின் கூலியைப் பந்தயம் கட்டமாட்டான், அவ்வளவுதான்.

ஏடு மெஸ் வாயிலில் இருக்கட்டும். தண்டம் குறைந்தவருக்கு மன்றம் ஒரு நல்ல நூல் பரிசளிக்கட்டும். முதற்பெயர் என்னுடையதாக இருக்கும். சென்னைக்கு 45 எழுதுவேன். 40 கணக்கின் பங்கு. மேலுள்ள 5 ஊர்ப்பாசம். அதற்குரிய தண்டத்தையும் நானே கட்டுகிறேன்.